சமையலறையை எட்டிப் பார்த்த மூன்று மருத்துவர்கள்

1/
போகி நெருங்குது. பரணில் இருந்து சாமான்களை இறக்கி வெச்சுக்கிட்டு, "இது வேணுமா, வேண்டாமா?"ன்னு வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருக்கும். எங்க வீட்டிலும் அதேதான். அந்தப் பஞ்சாயத்துக்கு நடுவில் ஒரு வரலாறு சொல்லலாம்னு தோணுச்சு. சமையலறைக்குள் எட்டிப் பார்த்த மூணு மருத்துவர்களின் கதை. கூடவே, எட்டிப் பார்க்கத் தவறிய ஒரு மருத்துவரின் கதையும் உண்டு. அந்த நாலாவது ஆள் நான்தான். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
முதலில் எங்க வீடு. தென்காசி பக்கம் ஒரு கிராமம். வீட்டில் சைவச் சமையல். சைவம்னா லேசான வேலைன்னு பலருக்கு நினைப்பு. விறகடுப்பு காலத்தில் அப்படி இல்லை. சோறு வடிக்கணும். துவரம்பருப்பு வேகணும். விறகடுப்பில் அது மசிய முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். பருப்பு வெந்த பிறகுதான் சாம்பார். அப்புறம் ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல். சாயங்காலம் மறுபடியும் அடுப்பு. ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாம அம்மா அடுப்பு முன்னாடி உட்கார்ந்திருப்பாங்க.

3/
அந்த அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஊதாங்குழல் கிடக்கும். இரும்புக் குழாய். இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டாங்க. தீ மங்கும்போது ஒரு முனையை வாயில் வெச்சு, இன்னொரு முனையைக் கங்கு பக்கம் காட்டி ஊதணும். நல்லா ஊதணும்னா முகத்தை அடுப்புக்கிட்ட கொண்டு போகணும். ஊதி முடிச்சதும் ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுக்கணும். அந்த மூச்சில் காற்றோட சேர்ந்து என்ன உள்ளே போகும்னு யோசிச்சுக்கிட்டே கதைக்கு வாங்க.

4/
முதல் மருத்துவர். இடம் வங்காளம், வருஷம் 1910. பெயர் இந்துமாதவ் மல்லிக். மருத்துவத்தோட நிற்காம தத்துவம், சட்டம்னு படிச்சுக்கிட்டே போன மனுஷர். அந்த வருஷம் அவர் ஒரு சமையல் பாத்திரத்தைக் கண்டுபிடிச்சார். பெயர் இக்மிக் குக்கர். ஹைஜீனிக், எகனாமிக் என்ற ரெண்டு வார்த்தைகளின் வாலை வெட்டி ஒட்டின பெயர். சுத்தமும் இருக்கணும், சிக்கனமும் இருக்கணும்னு அர்த்தம்.

5/
வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. அடியில் சின்னக் கரி அடுப்பு. அதுக்கு மேலே உருளை வடிவத்தில் ஒரு பெரிய பாத்திரம், அதில் தண்ணீர். உள்ளே டிபன் கேரியர் மாதிரி அடுக்குகள். ஒரு அடுக்கில் அரிசி, ஒண்ணில் பருப்பு, ஒண்ணில் காய். கரியைப் பத்த வெச்சு மூடிட்டு நம்ம வேலையைப் பார்க்கப் போகலாம். கிளற வேண்டாம், ஊத வேண்டாம். திரும்பி வரும்போது சாப்பாடு தயார். (யாரும் இப்போ முயற்சி பண்ணிடாதீங்க. மூடின அறைக்குள் கரி எரிச்சா கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்னுடும்.)

6/
பூரி ஜெகந்நாதர் கோயில் மடைப்பள்ளியில் மண்பானைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வேக வைப்பாங்க. அதைப் பார்த்துத்தான் மல்லிக்குக்கு இந்த யோசனை வந்ததுன்னு சொல்வாங்க. முழுக்க சைவமான ஒரு கோயில் சமையலில் இருந்து ஒரு மருத்துவர் பாடம் எடுத்திருக்கார். நம்ம ஊர்ப் பெரியவங்க சிலருக்கு ருக்மணி குக்கர் ஞாபகம் இருக்கும். அதுவும் இதே வம்சம்தான்.

மல்லிக் கவனிச்சது ஒரே விஷயம். சமையல் நல்லா இருக்கணும்னா ஒரு ஆள் அடுப்போட கட்டிப் போட்ட மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

7/
ஆனா அந்த யோசனை நம்ம எல்லார் வீட்டுக்கும் வந்து சேர அரை நூற்றாண்டு ஆச்சு. 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதின "சமைத்துப் பார்" வெளிவந்தது. தமிழ்நாட்டுச் சைவச் சமையலுக்கு இன்னைக்கும் அதுதான் பலருக்குப் பாடப்புத்தகம். கல்யாணம் ஆகிப் போற பொண்ணுக்கு அதைச் சீராகக் கொடுத்து அனுப்பின வீடுகள் ஏராளம். ஹாக்கின்ஸ், பிரஸ்டீஜ் ரெண்டு குக்கர்களும் இந்தியாவில் தொடங்கினது 1959-ல். அதாவது புத்தகம் வந்து எட்டு வருஷம் கழிச்சு. அந்தப் புத்தகத்தை முதலில் கையில் வாங்கின பொண்ணுங்க சாம்பாருக்குப் பருப்பை எப்படி வேக வெச்சிருப்பாங்கன்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

8/
குக்கர் என்ன பண்ணுது? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. எவ்வளவு விறகு போட்டாலும் அவ்வளவுதான். மூடி இறுக்கி அழுத்தத்தை ஏத்தினா 120 டிகிரி வரை போகும். ஒரு மணி நேரப் பருப்பு சில விசில்களில் முடிஞ்சிடும். 1679-லேயே இந்தத் தத்துவத்தில் முதல் பாத்திரம் செஞ்ச டெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரரும் மருத்துவம் படிச்சவர்தான். எங்க ஆளுங்களுக்குச் சமையலறை மேல அப்படி என்ன கண்ணுன்னு தெரியலை.

9/
ரெண்டாவது மருத்துவர். இடம் நம்ம குன்னூர், வருஷம் 1918. பெயர் ராபர்ட் மெக்கரிசன். அயர்லாந்துக்காரர், அன்றைய இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறை. அதில் "பெரிபெரி விசாரணைப் பிரிவு"ன்னு ஒரு சின்ன ஆய்வுக்கூடம் தொடங்கினார். அந்த ஒத்தை அறைதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்னைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்குது. நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி பிறந்த வீடு நீலகிரி மலை.

10/
பெரிபெரின்னா என்ன? கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வீங்கும், இதயம் சோர்ந்து உயிரே போகும். காரணம் வைட்டமின் பி1 குறைபாடு. அது எங்கே இருக்கு? அரிசியின் தவிட்டில், முளையில். வீட்டில் உரலில் குத்தும்போது கொஞ்சம் தவிடு ஒட்டிக்கிட்டு இருக்கும். எந்திர ஆலை வந்ததும் அரிசி பளபளன்னு வெள்ளையாச்சு. தவிடு மாட்டுக்குப் போச்சு. மாடு நல்லா இருந்தது. மனுஷன் படுத்தான்.

11/
இதுக்கு முதல் துப்பு கிடைச்சது 1890-களில், இன்றைய ஜகார்த்தாவில். கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் தன் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தள்ளாடி விழுறதைப் பார்த்தார். தீட்டின அரிசிச் சோறு தின்ற கோழிகள் விழுந்தன. தீட்டாத அரிசிக்கு மாத்தினதும் எழுந்து நடந்தன. இதுக்காக அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைச்சது. ஒரு வேண்டாத பொருள்னு நாம தூக்கி எறிஞ்சதுக்குள்ள உயிர் இருந்திருக்கு.

12/
மெக்கரிசன் குன்னூரில் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டைத் தனித்தனியா போட்டு வளர்த்துப் பார்த்தார். பஞ்சாப் சீக்கியர் சாப்பாடு முதலிடம். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பருப்பு, பால், வெண்ணெய், பச்சைக் காய்கள், எப்பவாவது கொஞ்சம் இறைச்சி. அன்றைய சென்னை மாகாணச் சாப்பாடு கடைசி வரிசை. தீட்டின அரிசி மலை மாதிரி, காயும் பாலும் பேருக்கு. சைவமா அசைவமா என்பதைவிட, தட்டில் இருந்து எதை எடுத்துட்டோம் என்பதுதான் அங்கே வித்தியாசம் பண்ணுச்சு. அந்தப் பஞ்சாப் தட்டிலும் பெரும்பகுதி சைவம்தானே.

13/
இதில் நம்ம பாட்டிகளுக்கு ஒரு பாராட்டு பாக்கி இருக்கு. மெக்கரிசனுக்குப் பிறகு 1935-ல் பொறுப்புக்கு வந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். அன்றைய சென்னை மாகாணத்தின் வட பகுதியில், இன்றைய கடலோர ஆந்திராவில், பெரிபெரி அதிகம். அங்கே ஆலையில் தீட்டின பச்சரிசி. புழுங்கல் அரிசி சாப்பிட்ட பகுதிகளில் அந்த அளவுக்கு நோய் இல்லை. நெல்லை ஊற வெச்சு அவிச்சுக் காயப் போடும்போது தவிட்டில் இருக்கும் பி1-ல் ஒரு பங்கு அரிசிக்குள்ளேயே இறங்கிடும். அப்புறம் ஆலைக்காரர் எவ்வளவு தீட்டினாலும் அதை முழுசா எடுக்க முடியாது. நெல் அவிச்ச பாட்டிக்கு பி1 தெரியாது. ஆனா வேலையைச் சரியா செஞ்சிருக்காங்க.

14/
மூணாவது மருத்துவர். இவங்க கதை எனக்கு ரொம்ப நெருக்கம். டாக்டர் எஸ். பத்மாவதி. 1917-ல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் படிச்சார். 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தப்போ தாயோடும் சகோதரிகளோடும் தப்பி வந்து சேர்ந்த ஊர் கோயம்புத்தூர். பிறகு லண்டன், அமெரிக்கான்னு போய் இதய மருத்துவம் படிச்சு, டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவர். 2020-ல் கொரோனாவில் இறந்தப்போ வயசு 103.

15/
டெல்லியில் அவர் முன்னாடி ஒரு புதிர் வந்து நின்னுச்சு. கார் பல்மொனேல்னு ஒரு நோய். நுரையீரல் நாள்பட்டுக் கெட்டுப் போனா, அதுக்குள் ரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலது பக்கம் படாத பாடுபடும். கடைசியில் வீங்கித் தளர்ந்துடும். கால் வீக்கம், மூச்சுத் திணறல். மேலை நாட்டுப் புத்தகங்களின்படி இது பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்களுக்கு வர்ற நோய். ஆனா டெல்லியில் ஆண்களுக்குச் சமமா பெண்களும் வந்து படுத்தாங்க. அந்த ஆண்களில் பெரும்பாலானவங்க பீடி, சிகரெட், ஹூக்கா பிடிக்கிறவங்க. பெண்களில் அப்படிப்பட்டவங்க ரொம்பக் குறைவு. பிறகு எப்படி?

16/
1959-ல் 127 நோயாளிகளைப் பற்றிய அவருடைய ஆய்வு "சர்க்குலேஷன்" என்ற பெரிய இதய மருத்துவ இதழில் வந்தது. அவர் விரல் காட்டின இடம் சமையலறை. சாணி வரட்டியும் விறகும் எரியும் அடுப்பு. புகை போக வழியில்லாத அறை. சின்ன வயசில் இருந்து அதுக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கும் பெண். அவள் பீடி பிடிக்கவில்லை. ஆனா வீடே அவளுக்குப் பீடியா இருந்திருக்கு.

வருஷத்தைக் கவனிச்சீங்களா? 1959. குக்கர் வந்த அதே வருஷம்.

17/
இவ்வளவு பெரிய உண்மை உடனே வீடு வந்து சேர்ந்துச்சா? இல்லை. 1980-களில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்து உலகத்துக்குக் காட்டினார். அப்புறம் சென்னை போரூரில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழு நம்ம தமிழ்நாட்டுக் கிராம வீடுகளிலேயே கருவி வெச்சு அளந்தது. 2007-ல் தமிழ்நாட்டில் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் வந்தது. 2016-ல் நாடு முழுக்க உஜ்வலா. பத்மாவதி எழுதினது 1959. எத்தனை வருஷம்னு நீங்களே கழிச்சுப் பாருங்க. உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020-ல் மட்டும் வீட்டுக்குள் இருக்கும் புகையால் உலகத்தில் இறந்தவங்க 32 லட்சம்.

18/
இப்போ நாலாவது மருத்துவர்.

எங்க வீட்டுக்கும் கேஸ் அடுப்பு வந்தது. அம்மா அதில் காபி மட்டும் போட்டாங்க. "சிலிண்டர் தீர்ந்துரும்யா. பருப்பு விறகுல வெந்தாத்தான் ருசி." குக்கர் கொண்டு போய்க் கொடுத்தேன். பெட்டியோட பரணில் ஏறிடுச்சு. அம்மாவுக்கு இருமல் உண்டு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளில் இருந்தே உண்டு. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் இருமிட்டுத்தான் வாசல் தெளிக்கப் போவாங்க. எங்களுக்கு அது கோழி கூவுற மாதிரி, வீட்டின் வழக்கமான சத்தம்.

19/
நான் எம்பிபிஎஸ் முடிச்சேன். "தூசி அலர்ஜிம்மா"ன்னு ஒரு சிரப் கொடுத்தேன். அப்புறம் "வயசாகுதும்மா"ன்னேன். மேற்படிப்பு படிக்கிறப்போ ஒரு நாள் வார்டில் மூச்சுத் திணறலோட ஒரு அம்மா. நான் கேஸ் சொல்லிக்கிட்டு இருக்கேன். புகைப்பழக்கம் இல்லை, ஆஸ்துமா இல்லை, காசநோய் இல்லைன்னு அடுக்கினேன். பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார். "வீட்ல என்ன அடுப்பு?" நான் அந்த அம்மாகிட்ட அதைக் கேட்கவே இல்லை. அன்னைக்கு ராத்திரி விடுதியில் படுத்திருக்கும்போதுதான் உறைச்சது. எங்க அம்மாகிட்டயும் நான் கேட்டதில்லை. கேட்கவே தேவையில்லையே. அந்த அடுப்பில் வெந்த சோத்தைத் தின்னுதானே வளர்ந்தேன்.

20/
ஊருக்குப் போய் அம்மாவைக் கூட்டிட்டு வந்து ஸ்பைரோமெட்ரி எடுத்தோம். குழாயில் ஊதணும். அம்மா சிரிச்சாங்க. "இதுவும் ஊதாங்குழல்தானா?"ன்னாங்க. முடிவு வந்தப்போ எனக்குச் சிரிப்பு வரலை. சிஓபிடி. நுரையீரலின் காற்றுக் குழாய்கள் நிரந்தரமா குறுகிப் போன நிலை. இன்ஹேலர் கொடுத்தா மூச்சு சுலபமாகும், திணறல் குறையும். ஆனா போன நுரையீரல் திரும்ப வராது. பத்து வருஷம் முன்னாடி கண்டுபிடிச்சு அந்த அடுப்பை மாத்தியிருந்தா மிச்சம் இருந்திருக்கக் கூடியது எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண?

21/
சரி, இதுக்கும் போகிக்கும் என்ன சம்பந்தம்?

மூணு கதையையும் சேர்த்துப் பாருங்க. வீட்டை ஒழிச்சுப் புதுசாக்குறதில் நாம ரெண்டு தப்பு பண்றோம். ஒண்ணு, வெச்சுக்க வேண்டியதைத் தூக்கிப் போடுறது. தவிடு அப்படித்தான் போச்சு. ரெண்டு, தூக்கிப் போட வேண்டியதைப் பழக்கம்னு வெச்சிருக்கிறது. புகை அப்படித்தான் தங்கிடுச்சு. ஒரு பொருள் பழசா புதுசா என்பது கேள்வியே இல்லை. புழுங்கல் அரிசி பழசு, ஆனா நல்லது. விறகுப் புகையும் பழசு, கெட்டது. குக்கர் புதுசு, நல்லது. பளபளன்னு தீட்டின அரிசியும் அந்தக் காலத்தில் புதுசாத்தான் வந்தது.

22/
இன்னொண்ணு. ஒழிச்ச சாமானை எரிக்காதீங்க. 2018 போகியன்னைக்கு சென்னையில் மூடின புகையிலும் பனியிலும் விமானங்கள் இறங்க முடியாம வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க. விமானமே இறங்க முடியாத காற்றில் எங்க அம்மா மாதிரி ஆளுங்க மூச்சு விடணும். இப்போ அம்மா என்னோட சென்னையில்தான் இருக்காங்க. போன வருஷம் போகி விடியகாலையில் பக்கத்துத் தெருவில் டயர் எரிஞ்சது. ஜன்னல் எல்லாம் சாத்தி, ஈரத்துணி வெச்சு அடைச்சு, அம்மாவுக்கு நெபுலைசர் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எடுத்து வெளியே போடுறதுதான் ஒழிக்கிறது. கொளுத்தினா அது நம்ம எல்லார் மார்புக்குள்ளேயும் திரும்பி வருது.

23/
அதனால இந்தப் போகிக்குச் சமையலறையில் இருந்து ஆரம்பிங்க. மூணு கூடை எடுத்துக்கோங்க.

முதல் கூடை, வெளியே போக வேண்டியது:
- தேதி முடிஞ்ச பொடிகள், சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய், திரும்பத் திரும்பப் பொரிச்சுக் கறுத்துப் போன எண்ணெய்.
- வண்டு வச்ச மாவு, பூசணம் பிடிச்ச கடலை. பூசணத்தை மட்டும் தட்டிட்டுச் சாப்பிடாதீங்க. அதன் நச்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசா போகாது.
- சர்க்கரை டப்பா பக்கத்தில் பல வருஷமா கிடக்கும் பழைய மாத்திரைகள். "போன தடவை டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கு"ங்கிற வசனத்துக்கு இதோட முடிவு கட்டுங்க.
- வீட்டுக்குள் இன்னும் விறகடுப்பு இருந்தா, அதுதான் முதல் ஆள்.

24/
ரெண்டாவது கூடை, பரணில் இருந்து திரும்ப உள்ளே வர வேண்டியது:
- பெட்டியோட தூங்குற குக்கர்.
- புழுங்கல் அரிசி, கைக்குத்தல் அரிசி, சிறுதானியம். சர்க்கரை நோய் இருக்கிறவங்க கவனிங்க, எந்த அரிசியா இருந்தாலும் அளவு அளவுதான்.
- முழுப் பயறுகள். ராத்திரி ஊறப் போட்டா காலையில் வேகும் நேரம் பாதியா குறையும், கேஸும் மிச்சம்.

மூணாவது கூடை, கொடுக்க வேண்டியது. ஆறு தோசைக்கல், பதினேழு எவர்சில்வர் டம்ளர், சீராக வந்து ஒரு நாளும் தொடாத பாத்திரம். தேவைப்படுற வீடு உங்க தெருவிலேயே இருக்கும்.

25/
அப்புறம் டப்பாக்களின் அடியில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, அரைக் கைப்பிடி கடலைப்பருப்பு, கொஞ்சம் உளுந்து, மிச்சம் பாசிப்பருப்புன்னு கிடக்கும். அதை எல்லாம் ஒண்ணா கொட்டி, அதே அளவு புழுங்கல் அரிசியோட ஊறப் போடுங்க. மிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரன்னு அரைச்சு, முருங்கைக்கீரை உருவிப் போட்டு அடை வாருங்க. அலமாரி ஒழிஞ்ச மாதிரியும் ஆச்சு, புரதம் உள்ள ஒரு சைவச் சாப்பாடு கிடைச்ச மாதிரியும் ஆச்சு. எங்க வீட்டில் போகியன்னைக்கு இதுதான் பலகாரம். டப்பாவைக் கழுவிக் காய வெச்சுட்டு, ஒரு மாசத்துக்குத் தேவையானதை மட்டும் நிரப்புங்க.

26/
கடைசியா ஒண்ணு. சமைக்கிறவங்க நுரையீரலும் உங்க வீட்டுச் சொத்துதான். வீட்டில் நாப்பது வயசுக்கு மேல், பல வருஷம் விறகடுப்பில் சமைச்ச அம்மா, பாட்டி, மாமியார் யாராவது இருமிக்கிட்டு இருந்தா, மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னா, "வயசாச்சு"ன்னு விட்டுடாதீங்க. ஒரு ஸ்பைரோமெட்ரி எடுத்துப் பாருங்க. மருத்துவர்கிட்ட போகும்போது அவர் கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க: "டாக்டர், இவங்க இத்தனை வருஷம் விறகடுப்பில் சமைச்சாங்க." எனக்கு அதை யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

27/
நேத்து எங்க வீட்டுப் பரணை ஒழிச்சோம். ஊர் வீட்டைக் காலி பண்ணினப்போ சாக்கில் கட்டிக் கொண்டு வந்த சாமான்களுக்கு நடுவில் அந்த ஊதாங்குழல் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கலை. ஆனாலும் அம்மா பொருள். "வேணுமாம்மா?"ன்னு கேட்டேன். வாங்கித் துடைச்சு, கொஞ்ச நேரம் கையிலேயே வெச்சிருந்தாங்க. வாயில் வெச்சு ஒரு தடவை ஊதிப் பார்த்தாங்க. ரெண்டாவது தடவை ஊத மூச்சு வரலை. அப்புறம் என்கிட்ட நீட்டி, "இரும்புக்காரன் வந்தா போட்டுரு. கெட்டி இரும்பு, ஏமாந்து குறைச்ச எடைக்குப் போட்டுறாத"ன்னாங்க.

இன்னைக்கு காலையில் எடைக்குப் போட்டாச்சு.

எரிக்காத போகியா கொண்டாடுங்க. அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.